தடுப்புக்கு அந்தப் பக்கம் சம்பந்தி

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் பவித்ராவைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்தார்கள் என்றால்... வீட்டுக்கு வரவில்லை. வீட்டுக்கு நாலு வாசல் தள்ளி வரைக்கும் வந்தார்கள்.

நடுவில் போலீஸ் தடுப்பு!

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஏற்கெனவே மதிலுக்குள் மதில், அதற்குள் இன்னொரு மதில். அது போதாதென்று, யாராவது பெரிய மனிதர் பெருமாளைச் சேவிக்க வந்தால் வீதிக்கு வீதி இரும்புத் தடுப்பு முளைத்துவிடும். அன்றைக்கு வந்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. பெருமாளுக்காவது தெரிந்திருந்தால் சரி.

மாப்பிள்ளை வீடு கே.கே.நகரில். சாதாரண வீடா அது? அப்பா இயற்பியல் பேராசிரியர். அம்மா தாவரவியல். கூட வந்த தாய்மாமா வரலாறு. பையன் அருணுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலை. "அந்த வீட்ல படிக்காதது நாய் மட்டும்தான் சார். அதையும் ட்ரெயினிங்குக்கு அனுப்பிட்டாங்க" என்றார் தரகர்.

நான் ஒன்பதாவது. அதையும் முடிக்கவில்லை. வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கும் உங்களுக்கு அது பழைய செய்தி. அவர்களுக்கு அந்தச் செய்தியே போகவில்லை. தரகர் 'எழுத்தாளர்' என்று சொல்லிவைக்க, அவர்களாகவே ஒரு எம்.ஏ.வைச் சேர்த்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. இதுவரை வந்த எல்லாப் போட்டோவையும் பார்த்து உதட்டைப் பிதுக்கிய பெண், அருண் போட்டோவை மட்டும் செல்போனில் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். அதைப் பார்த்த பிறகு எந்த அப்பன் வாயைத் திறப்பான்? என் படிப்பால் இது முறிந்துவிடுமோ என்று ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

தடுப்புக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் மூன்று துறைகள், ஒரு மாப்பிள்ளை, ஒரு தாம்பாளம் பழம். நாலரைக்கு ராகு காலம். நடுவில் ஒரு பெண் போலீஸ்.

"என் பொண்ணைப் பாக்க வந்திருக்காங்கம்மா. கொஞ்சம் வழி விடுங்களேன்."

"வி.ஐ.பி. வண்டி போகாம ஒருத்தரையும் விடக் கூடாதுன்னு ஆர்டர் சார். பொண்ணுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லிடுங்க."

எனக்கு வேர்த்துக் கொட்டியது. சம்பந்தி வீட்டாருக்கோ கவலையே இல்லை. வகுப்பு எடுக்க ஒரு பொருள் கிடைத்துவிட்டதே!

"இதெல்லாம் ஒரு தடுப்பாங்க?" என்று ஆரம்பித்தார் இயற்பியல். "ஒரு துகளுக்குச் சுவர் ஏறித் தாண்டற சக்தி இருக்காது. ஆனா திடீர்னு பாத்தா அந்தப் பக்கம் இருக்கும். எப்படிப் போச்சுன்னே கேக்க முடியாது."

எங்கள் வீட்டில் எவர்சில்வர் டம்ளர்கள் அப்படித்தான் பக்கத்து வீட்டில் இருக்கும். அதற்கு ஒரு பாடம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"சுவர்னா தடுக்கறதுன்னு ஏன் நினைக்கறீங்க?" என்று குறுக்கே புகுந்தார் தாவரவியல். "செடியோட செல்லுக்குச் சுவர் இருக்கறதாலதான் அது நிமிந்து நிக்குது. அதுலயும் பொடிப் பொடியா ஓட்டை இருக்கும். பக்கத்து செல்லுக்குக் கொடுக்கல் வாங்கல் எல்லாம் அது வழியாத்தான்."

வரலாறு சிரித்தது. "அக்கா, செடியை விடு. உலகத்துல எந்த ராஜாவும் எதிரிக்காக மட்டும் மதில் கட்டினதில்லை. யார் உள்ள, யார் வெளியன்னு பிரிக்கத்தான் கட்டினான். இந்த ஊர் மதிலையே எடுத்துக்கோ..."

எடுத்துக்கொண்டார்கள். கீழே வைக்கவே இல்லை. மூன்று பேரும் மூன்று சுவரைக் கட்டி முடித்தார்கள். என் முன்னால் இருந்த ஒரே ஒரு தடுப்பை எப்படி நகர்த்துவது என்று மட்டும் எந்தத் துறையிலும் பாடம் இல்லை போலிருக்கிறது.

போனில் என் மனைவி. "கேசரி கல்லாப் போச்சு. அங்க என்னதான் பண்றீங்க?"

"செடிக்குச் சுவர் இருக்காம்" என்றேன்.

"வெயில்ல நிக்காதீங்கன்னு அப்பவே சொன்னேன்" என்று வைத்துவிட்டாள்.

அப்போதுதான் தாவரவியல் சுற்றுமுற்றும் பார்த்தார். "அருண் எங்கங்க?"

அருண் இந்தப் பக்கம் இருந்தான். பெண் போலீஸ் வாக்கி டாக்கியில் பேசிய நேரம் பார்த்துக் குனிந்து வந்திருக்க வேண்டும். பூக்கடை ஓரமாக நின்று பேசிக்கொண்டிருந்தான். யாரிடம்? என்னைத் தேடிக்கொண்டு வந்த பவித்ராவிடம்! பட்டுப்புடவை, காலில் ரப்பர் செருப்பு. அவன் கையை ஆட்டி ஆட்டி எதையோ விளக்க, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கிட்டப் போனேன்.

"கம்ப்யூட்டருக்குக் காவல் போடற ஃபயர்வால்னா அவ்ளோதாங்க. வர்றது நல்லதா கெட்டதான்னு யோசிக்காது. ரூல்ல இருக்கா? உள்ள. இல்லையா? வெளிய."

"எங்க தெரு போலீஸ் மாதிரியா?"

"போலீஸ் பரவால்லங்க. குனிஞ்சா விட்டுடறாங்க."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. சரி, தேறிவிடும் என்று நினைத்தேன். நான் அப்படி நினைத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா?

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரலாறு கேட்டது. "சார், நாங்களே பேசிட்டிருக்கோம். உங்க இலக்கியத்துல சுவருக்கு என்ன பொருள் சொல்றீங்க? உங்க எம்.ஏ. எந்தக் காலேஜ்?"

நான் இருமினேன். நல்ல இருமல். இன்னும் கொஞ்சம் நீட்டியிருப்பேன்.

"எம்.ஏ.வா?" என்றாள் பவித்ரா. "எங்கப்பா ஒன்பதாவதுங்க. தாத்தா போனதும் கடைக்கு வேலைக்குப் போயிட்டாரு. உங்ககிட்ட சொல்லலையா?" அதை அவள் மறைக்க வேண்டிய விஷயமாகவே நினைக்கவில்லை. பெருமையாக வேறு சொன்னாள்!

மூன்று துறைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

தாவரவியல் தாம்பாளத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "ஓ... அப்படிங்களா... அதனால என்னங்க" என்றார். அந்த 'அதனால என்னங்க'வுக்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவர்களைக் கேளுங்கள்.

அந்த நேரம் பார்த்து வி.ஐ.பி. வண்டிகள் சர்ரென்று போயின. பெண் போலீஸ் தடுப்பை இழுத்து ஓரமாகப் போட்டார். வீதி விரியத் திறந்து கிடந்தது.

"வாங்க, வாங்க" என்றேன் கைகூப்பி.

இயற்பியல் கடிகாரத்தைப் பார்த்தார். "ராகு காலம் பொறந்துடுச்சே..." துகள் எந்த நேரத்தில் சுவரைத் தாண்டும் என்று கவலைப்படாத மனிதர்!

"ஆமாங்க. இன்னொரு நாள் சாவகாசமா வரோமே" என்றார் தாவரவியல். "அருண், வாடா."

அருண் அசையவில்லை. "அப்ப ராகு காலம் முடியற வரைக்கும் நீங்க கார்ல உக்காருங்கம்மா. நான் காபி குடிச்சிட்டு வந்துடறேன்" என்றவன் பவித்ராவைப் பார்த்து, "வீடு எந்தப் பக்கங்க?" என்றான்.

இருவரும் நடந்தார்கள். பின்னாலேயே போவதா, இங்கேயே நின்று அழைப்பதா? வழக்கம்போல நடுவில் மாட்டிக்கொண்டேன். மூன்று பேராசிரியர்களும் தடுப்பு இருந்த இடத்துக்கு வெளியே, ஒரு அடிகூட முன்னால் வைக்காமல், வரிசையாக நின்றார்கள்.

பெண் போலீஸ் என்னருகே வந்து தாழ்ந்த குரலில் கேட்டார். "தடுப்பைத்தான் எடுத்தாச்சே சார்... அவங்க ஏன் இன்னும் அங்கயே நிக்கிறாங்க?"

எனக்கென்னம்மா தெரியும்? நான் ஒன்பதாவது!