தம்பி குடிக்கிறானா என்று பார்க்கத் தில்லி போனது

போன மாதம் இந்த வலைப்பூவின் வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். வெளியூரில் குடிநோய்ச் சிகிச்சையில் இருக்கும் அண்ணனைப் பார்க்கப் போகிறாராம். என்ன எடுத்துப் போகலாம், எத்தனை நாள் தங்கலாம் என்பது கேள்வி. கோயில் குளம் போய்வந்ததை எழுதுகிறவனிடம் இதை ஏன் கேட்டார் என்று தெரியவில்லை. ஆனால் அப்படியொரு பயணத்தை நானும் செய்திருக்கிறேன். 1986 பிப்ரவரியில், கும்பகோணத்திலிருந்து தில்லிக்கு. பழைய நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அதில் நான் சரியாகச் செய்தது குறைவு.

அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர். தம்பி ரகு தில்லியில் மத்திய அரசு எழுத்தர். அவன் குடி தாங்காமல் மனைவி வசந்தா மகளோடு தஞ்சாவூரில் தாய்வீட்டுக்கு வந்து ஒரு வருடமாகியிருந்தது. குடியை விட்டு மூன்று மாதமாகிறது, திரும்பி வா என்று ரகு கடிதம் போட்டான். அதை வசந்தா என்னிடம் நீட்டினாள்.

"இதே மாதிரி நாலு கடுதாசி வச்சிருக்கேன் மாமா. நீங்க போய்ப் பாருங்க. வான்னா வரேன். வேணாம்னா இதையும் அதுங்களோட சேத்துக் கட்டி வச்சிடறேன்."

ஒரு குடும்பம் சேருவது என் ஒரு சொல்லில் இருந்தது. ஹோட்டலில் தோசை வேண்டுமா, இட்லி வேண்டுமா என்று கேட்டாலே தடுமாறுகிறவன் நான்.

சென்னை சென்ட்ரலிலிருந்து தில்லி ஏறக்குறைய 2,190 கிலோமீட்டர். இரவு ரயிலில் ஏறி மூன்றாம் நாள் காலை 7.10க்குப் புதுதில்லியில் இறங்கினேன். லக்ஷ்மிபாய் நகரில் ரகுவின் குவார்ட்டர்ஸுக்கு ஆட்டோவில் பத்து கிலோமீட்டர், மீட்டரில் பன்னிரண்டு ரூபாய். வழியெல்லாம் கையிலிருந்த வரைபடத்தோடு தெருக்களை ஒப்பிட்டுக்கொண்டே வந்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "டரோ மத், பாபுஜி. தில்லி ஹை, ஜங்கல் நஹீ." பயப்படாதீர்கள், இது காடில்லை என்றார். அப்படிச் சொல்கிறவர்களிடம்தான் எனக்குப் பயம் கூடும்.

ரகு வாசலில் நின்றான். இளைத்திருந்தான், இருமினான். மஃப்ளரைச் சரிசெய்கிற சாக்கில் அவன் வாயருகே மோந்து பார்த்தேன். பற்பசை வாசனை மட்டும். அதுவே சந்தேகமாக இருந்தது. அவன் அலுவலகம் போனதும் தலையணைக்கு அடியில், அரிசி டின்னுக்குள், கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எல்லாம் தேடினேன். எதுவும் கிடைக்கவில்லை. நன்றாக ஒளித்திருக்கிறான் என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

மறுநாள் காலை 6.15க்கு அவனோடு சிகிச்சைக்குப் போனேன். ஆஸ்பத்திரி என்று நினைத்திருந்தேன். ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால், சாக்கடை வாய்க்காலை ஒட்டிக் கொத்தனார்களும் வீட்டுவேலைக்காரர்களும் குடியிருந்த குடிசைப் பகுதி. பெரும்பாலும் சேலம், தர்மபுரிப் பக்கத்துத் தமிழர்கள். அதன் நடுவில் ஒரு தகரக் கொட்டகை. டாக்டரம்மா ஒருவர் வாரத்தில் மூன்று நாள் மாலையில் அங்கே வருவார். ஹெராயின் பவுடர் பழக்கமுள்ள பையன்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். கொட்டகை குடிகாரர்களுக்கு மட்டும்.

அங்கே நடப்பது இதுதான். போட்டுக்கொண்ட பிறகு சாராயம் குடித்தால் உடம்பைப் புரட்டிப்போடுகிற ஒரு மாத்திரை உண்டு. அதைப் பொடித்து டம்ளர் தண்ணீரில் கலக்கி, எல்லார் முன்னாலும் குடிக்கவேண்டும். பிறகு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டவேண்டும். பத்து நிமிடம் உட்கார்ந்து ஏதாவது பேசவேண்டும், வாயில் அடக்கிக்கொள்ளாமல் இருப்பதற்கு. ஒவ்வொருவருக்கும் ஒரு சாட்சி. சாட்சியை அவரவரே தேர்ந்துகொள்ளலாம். ரகு தேர்ந்திருந்தது பாவாயியை. அவன் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண்மணி.

"ஜல்தி குடிங்க சார், எட்டு வீடு காத்துட்டிருக்கு" என்று அவள் அதட்டினாள். ரகு குடித்தான், கவிழ்த்தான். பக்கத்தில் ஒரு கொத்தனார், "பாபு நேத்து மூஞ்சிய சுளிச்சாரு, இன்னிக்கு சுளிக்கல. ருசி புடிச்சுப்போச்சு போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரகுவும் சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. இவனிடம் சம்பளம் வாங்குகிறவள் இவனுக்கு எப்படிச் சாட்சியாக முடியும்? டம்ளரில் இருப்பது மாவுத்தூள் இல்லையென்று யார் சொல்வது? மூன்று நாள் கொட்டகைக்குப் போனேன். காலி டம்ளரை மோந்தேன். மிஞ்சிய கலங்கலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கவும் நினைத்தேன், தைரியம் வரவில்லை.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. அலுவலகம் விடுமுறை. முற்பகலில் ஐ.என்.ஏ. மார்க்கெட் போய் அப்பளமும் காபிப்பொடியும் வாங்கி வந்தோம். சாப்பிட்ட பிறகு அவன் இருமல் கூடியது. ஊரிலிருந்து அவனுக்கென்று தசமூலாரிஷ்டம் கொண்டுபோயிருந்தேன். கும்பகோணத்தில் எந்த வீட்டு அலமாரியிலும் இருக்கும் மருந்து. ஒரு டம்ளரில் கால்வாசி ஊற்றிக் கொடுத்தேன்.

"இதுல ஒண்ணும் இல்லையே அண்ணா?"

"மூலிகைடா. நம்ம வைத்தியர் குடுத்தது."

குடித்தான். கால்மணி நேரத்தில் முகமும் கழுத்தும் செங்கல் நிறமாயின. கண் சிவந்தது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றான். வாந்தி எடுத்தான். குடித்தால் மாத்திரை என்ன செய்யும் என்று கொட்டகையில் சொன்னார்களோ, அதெல்லாம் வரிசையாக வந்தது. மார்க்கெட்டில் பத்து நிமிடம் என் கண்ணில் படாமல் இருந்தானே என்றுதான் எனக்குத் தோன்றியது.

"எங்கடா வாங்கிக் குடிச்சே?"

"இல்லண்ணா."

"என் கண்ணு முன்னாடியே இப்படிக் கெடக்கறே. வசந்தாகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

வேலைக்கு வந்த பாவாயியிடம் அவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தந்தி அலுவலகம் போனேன். ரகு குடிக்கிறான், வர வேண்டாம் என்று ஆங்கிலத்தில் நான்கு சொல்லில் தந்தி கொடுத்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பியபோது பாவாயி அரிஷ்டப் புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், இத யாரு குடுத்தது?"

"நான்தான். வெறும் மூலிகை."

"மூலிகையா? மோந்து பாருங்க. எங்கூர்ல புள்ள பெத்தவளுக்கு இத ஊத்துனா அரை நாளு பாட்டுப் பாடிட்டுக் கெடப்பா. இருமல் மருந்து, டானிக்கு, அரிஷ்டம், ஒண்ணும் தொடக்கூடாதுன்னு டாக்டரம்மா வாராவாரம் கத்துது. அண்ணன் குடுத்தாருன்னு இந்த மனுசன் கேக்காமக் குடிச்சிருக்கு!"

"கேட்டேன்" என்றான் ரகு, கண்ணைத் திறக்காமல்.

அரிஷ்டம் என்பதே புளிக்கவைத்த கஷாயம். புளித்தால் சாராயச் சத்து உண்டாகும். இந்தப் பாடத்தைப் பதினெட்டு வருடம் நடத்தியவன் நான். கரும்பலகையில் எழுதிய சமன்பாட்டுக்கும் வீட்டு அலமாரியில் இருந்த புட்டிக்கும் சம்பந்தம் இருப்பதாக ஒரு நாளும் நினைத்ததில்லை.

ஆட்டோ பிடித்துக் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். நல்லவேளை, அன்று டாக்டரம்மா வருகிற நாள். நாடி பார்த்தார், படுக்கவைத்துக் காத்திருந்தார், ஆறு மணிக்குள் சரியாகிவிட்டது. இரண்டு நாள் மாத்திரை வேண்டாம் என்றார். ஆனாலும் மறுநாள் காலை ரகு அங்கே போய், வெறும் தண்ணீரைக் குடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினான்.

முதல் தந்தி தவறு, குற்றம் என்னுடையது என்று அடுத்த தந்தி கொடுத்தேன். விவரமாகக் கடிதமும் எழுதினேன். வசந்தாவின் பதில் அதிலிருந்து எட்டாம் நாள் வந்தது. "முதல் தந்தி கண்ணால் பார்த்துக் கொடுத்தது. இரண்டாவது தம்பிக்காகக் கொடுத்தது. நான் எதை நம்பட்டும் மாமா?"

அவளைக் குறை சொல்ல முடியவில்லை. நான் அவள் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். சம்பளமில்லா விடுப்புக்கு எழுதிப்போட்டுவிட்டு மேலும் மூன்று வாரம் தங்கினேன். தினமும் கொட்டகையில் உட்கார்ந்து, பார்த்ததை மட்டும் அஞ்சலட்டையில் எழுதி அவளுக்குப் போட்டேன். இத்தனை மணிக்குக் குடித்தான், கவிழ்த்தான், இன்னதைப் பற்றிப் பேசினான். "நீங்களும் இங்க டூட்டில சேந்துட்டீங்களா சார்?" என்று பாவாயி கேலி செய்தாள். ரகு என்னைச் சாட்சியாக மாற்றிக்கொள்ளவில்லை. நானும் கேட்கவில்லை.

வாசகிக்கு என் பதில் இதுதான். பிப்ரவரிக் காலையில் தில்லி குளிரும், கம்பளி வேண்டும். அன்றைய கட்டணங்கள் இன்று எதற்கும் உதவாது. அண்ணனுக்கென்று தின்பண்டமோ மருந்தோ கொண்டுபோனால் முதலில் சிகிச்சை தருகிறவர்களிடம் காட்டுங்கள். டானிக், இருமல் மருந்து, அரிஷ்டம் வேண்டவே வேண்டாம். ஐந்து நாளில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். உங்களுக்குச் சந்தேகம் வந்தால் அவர் வாயை மோந்து பார்க்காதீர்கள், அவரோடு தினமும் இருக்கிறவரைக் கேளுங்கள். அதன்பிறகு ரகு ஒருமுறை சறுக்கினான், மறைக்கவில்லை, தானாகவே கொட்டகைக்குத் திரும்பிப் போனான். இதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

மகளின் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் மே மாதம் வசந்தா தில்லிக்குக் கிளம்பினாள். விடைபெற எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். காபி குடித்துக்கொண்டே, "அந்த முதல் தந்தி குடுக்கறப்போ உங்களுக்குக் கை நடுங்கலையா மாமா?" என்று கேட்டாள்.

பஸ்ஸில் டிக்கெட் வாங்கும்போதுகூட எனக்குக் கை நடுங்கும். அன்றைக்கு நடுங்கவில்லை. அதை அவளிடம் சொன்னேன்.