பேப்பரை மிச்சம் பிடித்த பதிப்பாளர்

புத்தகப் பக்கத்தில் வெற்றிடம் தெரிந்தால் அறிவழகனுக்குப் பொறுக்காது. பெரம்பலூரில் வினா விடைப் புத்தகம் போட்டே வளர்ந்த பதிப்பாளர். பேப்பர் வீணாகிறதே என்று வரிகளை இழுத்துச் சேர்த்துவிடுவார். புள்ளியியல் கணக்குப் போடும் ‘ஆர்’ மென்பொருளைப் பற்றிக் கல்லூரி ஆசிரியை நர்மதா தமிழில் எழுதிய புத்தகத்திலும், அவரே புரூஃப் பார்த்துக் கொடுத்த பிறகு, அவரைக் கேட்காமல் அதையே செய்தார்.

வெளியீட்டு விழா கல்லூரிக் கணினி அறையில் நடந்தது. அறிவழகனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மாணவர்கள் புத்தகத்தைப் பார்த்து டைப் செய்தார்கள். ஒரு திரையிலும் விடை வரவில்லை.

நர்மதா புத்தகத்தைப் பிரித்தார். ஹேஷ் (#) குறி போட்டு விளக்கம் எழுதினால், அந்த வரி முடியும்வரை கணினி எதையும் படிக்காது. இங்கே விளக்கத்தோடு கட்டளைகளும் ஒரே வரியில் ஒட்டிக் கிடந்தன. யார் வேலை என்று புரிந்தும் நர்மதா அறிவழகன் பக்கம் திரும்பவில்லை.

“தப்பு என்னோடதுதான் பசங்களா. நான் சரியா பாக்கல.”

 உண்மையைச் சொல்லிவிடத்தான் அறிவழகன் எழுந்தார்.

“விடுங்க மேடம், அடுத்த பதிப்புல சரி பண்ணிக்கலாம்” என்றுதான் வாயில் வந்தது.

அறிவழகனின் பெருந்தன்மைக்கு மாணவர்கள் கைதட்டினார்கள். நர்மதாவும் தட்டினார்.