பொன்கொரண்டிக் கோப்பையும் நாயகம் அண்ணனின் வயிறும்

1. வாங்கில் சரிந்தவர்

நீரிழிவு கிளினிக் நாள்களில் எங்கள் வைத்தியசாலை விறாந்தையில் கால் வைக்க இடமிருக்காது. கல்குடா, ஓட்டமாவடி, பனிச்சங்கேணி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்துவிட்டு, கட்டிக்கொண்டு வந்ததைச் சாப்பிட்டு, மாத்திரையை விழுங்கி, டொக்டர் கூப்பிடும்வரை காத்திருப்பார்கள். அங்கே நான் தாதியாக இருந்தபோது நடந்த ஒன்றை, இப்போது அந்த வேலைக்கு வந்திருக்கும் தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

கல்குடா நாயகம் அண்ணன் கலியாண வீட்டுச் சமையல்காரர். பெரிய கிடாரத்தில் சோறு வடிப்பதென்றால் அந்தப் பக்கத்தில் அவரைத்தான் தேடுவார்கள். அன்று அவர் விறாந்தை வாங்குப் பலகையில் இருந்தபடியே பக்கத்தில் இருந்தவரின் தோளில் சரிந்தார். ஓடிப்போய்ப் பார்த்தேன். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கை நடுங்கியது. பேச்சுக் குழறியது. விரலில் குத்திப் பார்த்தால் சீனி மிகவும் இறங்கியிருந்தது. இதைத்தான் நாங்கள் ‘ஹைப்போ’ என்போம்.

அவருடைய மனைவி லோகா அக்கா பதறினார். “இப்பதானே மிஸ் இடியப்பம் சாப்பிட்டவர்! மறுகா என்னெண்டு சீனி இறங்கும்?”

நல்ல கேள்விதான். ஆனால் யோசிக்க அப்போது நேரமில்லை. விழுங்கக்கூடிய நிலையில் இருந்ததால், கன்ரீனிலிருந்து சீனி தூக்கலாகப் போட்ட தேத்தண்ணீர் எடுப்பித்துப் பருக்கினேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி குத்திப் பார்த்தேன். ஏறவில்லை. கண் இன்னும் செருகியது. சீனித் தேத்தண்ணீரோடு எழும்பி உட்கார்ந்து பகிடி விடுகிறவர்களைத்தான் நான் அதுவரை பார்த்திருந்தேன். உண்மையாகவே பயந்துபோனேன்.

“கனுலா போடுங்க. டெக்ஸ்ட்ரோஸ் எடுங்க,” என்று சொல்லிக்கொண்டே டொக்டர் வந்தார். நரம்பு வழியாக அந்தக் குளுக்கோஸ் போகப் போக அண்ணன் கண்ணைத் திறந்தார்.

“என்னகா நடந்த?” என்று மனைவியைக் கேட்டார். அந்தக் குரலைக் கேட்டதும் லோகா அக்கா அழத் தொடங்கிவிட்டார்.

2. மருந்தில்லை, தண்ணி

கட்டிலில் சாய்ந்திருந்தவருக்குத் தாகம் எடுத்தது. லோகா அக்கா பையைத் திறந்து ஒரு மரக் கோப்பையை எடுத்தார். அடியில் தேத்தண்ணீர் நிறத்தில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது.

“இது என்ன அக்கா?”

“சீனி வருத்தத்துக்கு நல்லமெண்டு பொலன்னறுவையால ஒராள் கொண்டந்து குடுத்த, மிஸ். ராவைக்குத் தண்ணி ஊத்தி வைச்சா விடியக்க இப்பிடி வரும். இஞ்ச வந்தும் சாப்பாட்டுக்கு முன்ன குடிச்சவர்.”

டொக்டர் திரும்பிப் பார்த்தார். “ஒவ்வொரு முறையும் நாட்டு மருந்து எடுக்கிறீங்களா எண்டு கேக்கிறம். இல்லையெண்டுதானே சொன்னீங்க?”

நாயகம் அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. “பொய் சொல்லல்ல டொக்டர். மருந்தெண்டா கசக்கும், காய்ச்சோணும், பத்தியம் இருக்கும். இது சும்மா கோப்பையில ஊத்தி வைச்ச தண்ணிதானே. தண்ணி குடிக்கிறன் எண்டு ஆராவது டொக்டருக்குச் சொல்லுவாங்களா?”

டொக்டர் சிரித்துவிட்டார். “அது சரிதான்,” என்றார்.

அதன் பிறகுதான் அண்ணன் மனம்விட்டுப் பேசினார். சில மாதங்களாகச் சாப்பிட்டவுடன் வயிறு பொருமுமாம். தொண்டைவரை புளித்த ஏவறை வருமாம். கிடாரத்தை இறக்கும் நேரம் பார்த்து வயிற்றால் போகுமாம். “சமையல்காரன் அடிக்கடி ஓடினா சனம் என்ன நினைக்கும், மிஸ்? உங்கட மாத்திரைதான் வயித்தக் கெடுக்குதெண்டு நினைச்சன். அதை விட்டுட்டு இந்தத் தண்ணியோட நிப்பமெண்டு யோசிச்சன்.”

வயிறு சரியில்லை என்று முன்பு ஒருமுறை அவர் சொன்னபோது நாங்களும் மாத்திரையைத்தான் சந்தேகப்பட்டோம். சீனிக்கு அவர் போட்ட மெட்ஃபோமின் மாத்திரை சிலருக்கு வயிற்றைக் குழப்பும். அதனால் டொக்டர் அதன் அளவைக் குறைத்திருந்தார். அப்படியும் பொருமல் நிற்கவில்லை.

3. ஒரு ஃபோன்

அந்த டொக்டரை நான் இன்றும் நன்றியோடு நினைப்பது அடுத்து அவர் செய்த காரியத்துக்காக. கோப்பையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அரச சித்த மருந்தகத்தில் இருந்த வைத்தியருக்கு ஃபோன் எடுத்தார். இளம் பெண், மட்டக்களப்புப் பிள்ளை. நாங்களும் கேட்கட்டும் என்று ஃபோனைக் கட்டிலில் வைத்து ஸ்பீக்கரில் போட்டு, கோப்பையையும் தண்ணீரின் நிறத்தையும் பற்றிச் சொன்னார்.

“கொத்தலஹிம்புட்டுக் கோப்பைதானே டொக்டர்? அது சிங்களப் பேர், நாங்க பொன்கொரண்டி எண்டு சொல்ற,” என்றார் அவர். “அந்தக் கட்டையில கடைஞ்ச கோப்பையில ஊறின தண்ணி, மாச்சத்தும் சீனியும் வயித்துக்குள்ள உடையிறத மெதுவாக்கும். உடையாமக் கீழ போறது பெருங்குடல்ல புளிச்சுக் காத்தாகும். பொருமலும் பேதியும் அதாலயும் வரலாம்.”

“தேத்தண்ணி குடுத்தும் சீனி ஏறல்ல, மிஸ்,” என்றேன் நான் குறுக்கே.

“ஓம் அக்கா, ஏறாது. நாம போடுற சீனியும் உடைஞ்சுதானே இரத்தத்துக்குப் போகோணும். குளுக்கோஸ் எண்டா உடைக்கத் தேவையில்ல, நேர ஏறும். இனி இப்பிடி ஆரும் வந்தா குளுக்கோஸ் தூளக் கரைச்சுக் குடுங்க.”

இத்தனை வருட வேலையில் எனக்கு அது புதிது. சாப்பிட்ட இடியப்பம் மெதுவாகத்தான் ஏறியிருக்கிறது. மெட்ஃபோமினோடு அவர் விழுங்கிய, சீனியை இறக்கும் கிளைக்லசைட் மாத்திரையோ தன் வேலையை நேரத்துக்குச் செய்திருக்கிறது. லோகா அக்காவின் கேள்விக்கு அப்போதுதான் பதில் கிடைத்தது.

எதை விடுவது என்ற பேச்சு வந்தது. டொக்டர் மாத்திரையை விடக்கூடாது என்றார். அண்ணன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஃபோனில் இருந்த வைத்தியர் பேசினார்: “அண்ணன், அது நல்ல மூலிகைதான். நானும் குடுக்கிறனான். ஆனா மாத்திரையோட சேர்த்தா டொக்டருக்கும் எனக்கும் தெரிஞ்சு, அளவு பாத்துத்தான் குடுக்கோணும். இப்போதைக்குக் கோப்பைய எடுத்து வைங்க. டொக்டர் சொல்றபடி மாத்திரையப் போடுங்க. உங்கட வயிறு ஆறினதும் என்னட்ட வாங்க, பாப்பம்.”

“நீங்களே சொன்னாச் சரி தங்கச்சி,” என்றார் அண்ணன். நாங்கள் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரோ தெரியாது. மூலிகையைக் கையாள்கிறவரே சொன்னதால் அவருக்கு மனம் ஆறியது.

கோப்பையை விட்ட பிறகு பொருமல் மெல்ல மெல்லக் குறைந்தது. டொக்டர் மெட்ஃபோமினைச் சாப்பாட்டோடு போடச் சொல்லி, படிப்படியாகப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார். அடுத்தடுத்த கிளினிக்குகளில் சீனியும் ஒரு நிலைக்கு வந்தது.

4. கேள்வியை மாற்றினோம்

ஒருநாள் பனிச்சங்கேணியில் ஒரு கலியாணத்துக்குச் சமைத்துவிட்டு அண்ணன் நேரே கிளினிக்குக்கு வந்தார். அடுப்படியை விட்டு ஒருதரமும் ஓடவில்லையாம். அந்தச் சந்தோசத்தில் விறாந்தையில் இருந்த எல்லோருக்கும் கேட்கத் தன் கதையைச் சொன்னார்.

“இஞ்ச விழுந்ததால தப்பினன். கிடாரத்தடியில விழுந்திருந்தா என்ன கதி? வீட்ட என்ன குடிச்சாலும் சொல்லுங்க. இவங்க ஏசமாட்டாங்க.”

சொல்லி முடிப்பதற்குள் ஒரு அம்மா கையை உயர்த்தினார். தினமும் பாவற்காய்ச் சாறு குடிக்கிறாராம். இன்னொருவர் ஊறவைத்த வெந்தயம் என்றார். ஓட்டமாவடியிலிருந்து வந்த ஒரு வாப்பா கருஞ்சீரகம் என்றார். அதற்கு முதல் கிளினிக்கில் அத்தனை பேரும் “நாட்டு மருந்து இல்லை” என்று எங்களிடம் சொன்னவர்கள்தான். அவர்களுக்கு அதெல்லாம் சாப்பாடு.

அன்றிலிருந்து எங்கள் கேள்வியை மாற்றினோம். “நாட்டு மருந்து எடுக்கிறீங்களா?” என்று கேட்பதை விட்டோம். “விடிய எழும்பினதிலிருந்து என்னென்ன குடிச்சீங்க, என்னென்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டோம். கேட்கும்போது சிரித்த முகமாகக் கேட்டோம். சந்தேகம் வந்தால் சித்த வைத்தியருக்கு ஃபோன் எடுத்தோம். அவரும் தன்னிடம் வருகிறவர்களின் மாத்திரைகளைப் பற்றி எங்களைக் கேட்டார்.

தங்கைகளே, உங்கள் முன்னால் இருக்கிறவர் எதை மருந்தென்று நினைக்கிறார் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கிளினிக் நாளில் குளுக்கோஸ் தூளை அலுமாரிக்குள் பூட்டி வைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். எனக்கு இந்த இரண்டையும் கற்றுத் தந்தவர், ஊர் பார்த்திருக்க மயங்கி விழுந்ததையும் வயிற்றால் போனதையும் வெட்கப்படாமல் எல்லோருக்கும் எடுத்துச் சொன்ன ஒரு சமையல்காரர். அவர் அன்று வாய் திறந்ததால் எத்தனை பேர் வாய் திறந்தார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த மனிசனுக்கு நான் என்றைக்கும் நன்றியுடையவள்.