பதில் வரும்வரை: பென்டிங் என்ற சொல்லோடு இரண்டு ஆண்டுகள்

விதி இதுதான். வேறொரு கந்தோரின், அதாவது அரசாங்க அலுவலகத்தின், பதில் வரும்வரை ஒரு கோப்பை நிறுத்திவைக்கலாம். பதினான்கு நாளுக்கு ஒருமுறை நினைவூட்டல் அனுப்ப வேண்டும். மூன்றாவதற்கும் பதில் இல்லையென்றால், கையிலுள்ள சான்றை வைத்துத் தற்காலிகக் கடிதம் கொடுக்கலாம். ஆங்கிலத்தில் இந்த இடைக்காலம் முழுவதையும் ‘பென்டிங்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். பதில் வரும்வரை என்று பொருள். அதுவரை சம்பந்தப்பட்ட ஆள் எப்படி நடமாடுவார் என்பதை அந்தச் சொல் சொல்லாது.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் அடையாள அட்டை வழங்கும் எங்கள் கிளைக் கந்தோரில் நான் தலைமை எழுதுவினைஞன். யாழ்ப்பாணத்தில் போரால் இடம்பெயர்ந்தபோது அடையாள அட்டையைத் தொலைத்த தவமணி என்ற பெண் புது அட்டைக்கு விண்ணப்பித்திருந்தார். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார். தையல் வேலை எங்கள் கந்தோருக்குப் பக்கத்துத் தெருவில். இடையில் நாலு சோதனைச்சாவடிகள். பழைய விவரங்களை வடக்கிலுள்ள கந்தோர் உறுதிப்படுத்த வேண்டும். கோப்பின் மேல் ‘பென்டிங்’ என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். நினைவூட்டல்களையும் நாள் தவறாமல் அனுப்பினேன். மூன்றாவது போன மறுவாரம் தவமணி வந்தார்.

“ஐயா, ரெண்டு தரம் பொலிஸ் ஸ்டேஷனிலை வைச்சிருந்தவங்கள். முதலாளி வந்து கையெழுத்துப் போட்டு எடுத்தவர். மூண்டாம் தரம் வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டார்.”

அனுப்பிய திகதிகளைக் குறித்துக்கொள்ளக் கீழே அனுப்புகைப் பிரிவுக்குப் போனேன். அங்கே வேலை பார்த்த ஜெயராஜ் பதிவேட்டைக் காட்டினார். மூன்றுக்கும் இலக்கம் இருந்தது. கடிதங்கள் எந்த வழியாகப் போயின என்று கேட்டேன்.

“இன்னும் போகல சேர். வடக்குத் தபால் எல்லாம் அந்தா, அந்த மூட்டையில இருக்கு. ரோட்டு மூடிக் கிடக்கு, கப்பல் வந்தாத்தான் போகும். ஆனா நம்பர் போட்டாச்சே, அனுப்புன மாதிரிதான்.”

முதல் கடிதமும் அதே மூட்டையில்தான் இருந்தது. பதில் சொல்ல வேண்டியவர்களுக்குக் கேள்வியே போய்ச் சேரவில்லை. ஒன்றரை மாதமாக நான் என் காலடியில் கிடந்த சாக்குக்கு நினைவூட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். மேலிருந்து இறங்கிவந்து பார்க்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை.

தற்காலிகக் கடிதத்தைத் தட்டச்சு செய்து அதிகாரியிடம் கொண்டுபோனேன். மூன்று நினைவூட்டலும் பதிவாகியிருக்கின்றனவா என்று சிங்களத்தில் கேட்டார். பதிவேட்டைத் திறந்து காட்டினேன். மூட்டையைப் பற்றி அவர் கேட்கவில்லை. கையெழுத்திட்டார். மூன்று மாதம் செல்லுபடியாகும் கடிதம். தவமணி அதை இரண்டு தரம் வாசித்தார்.

“இதைக் காட்டினா விடுவினமோ?”

“விடாட்டி என்ரை பேரைச் சொல்லுங்கோ. அடியிலை ஃபோன் நம்பர் இருக்கு.”

சாவடியிலிருந்து இரண்டு தரம் ஃபோன் வந்தது. இரண்டு தரமும் விட்டார்கள். கடிதத்தை ஏழு முறை புதுப்பித்தேன்.

இப்போது கந்தோர்களில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு கோப்பில் அந்தச் சொல்லை எழுதினால், அதுவரை அந்த ஆளுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்பதையும் அதே வரியில் எழுதுங்கள். எழுத ஒன்றும் இல்லையென்றால் பேனாவை மூடிவிட்டுக் கீழே இறங்கிப் போய்ப் பாருங்கள்.

கப்பல் வந்து மூட்டை போன பிறகு வடக்கிலிருந்து வந்த பதில் ஒரே வரி: விண்ணப்பதாரி கூறிய விவரங்கள் யாவும் சரி. அது வந்துசேர்ந்தது, தவமணி விண்ணப்பித்த பின் வந்த இரண்டாவது தைப்பொங்கலுக்கு மறுநாள், ஒரு வியாழக்கிழமை.