துணியில் சுற்றிய கல் குழந்தை

சென்ற வருடம் ஒக்டோபர் மாதம், எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் இருந்து ஒரு கோச் பஸ் பிடித்து, லண்டனின் தெற்கு ஓரத்தில் இருக்கும் பழைய பிரபு மாளிகை ஒன்றைப் பார்க்கப் போனோம். பல நூறு வருடத்து வீடு, பேர்பெற்ற தோட்டம், வீட்டோடு ஒட்டிய சிற்றாலயம். ரோசாப் பருவம் முடிந்து தோட்டம் மொட்டையாகக் கிடந்தது. தூறலும் விடவில்லை. எங்கள் சனத்துக்கென்ன, மீன் ரோல்ஸும் பிளாஸ்கில் தேத்தண்ணீரும் இருந்தால் எந்த மழையிலும் சுற்றுலாதான்.

மனைவியை நான்தான் வற்புறுத்திக் கூட்டிப் போனேன். அந்த வருடத் தொடக்கத்தில் எங்கள் இரண்டாவது பிள்ளை, ஒரு மகன், வயிற்றிலேயே இறந்து பிறந்தான். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நேரம் கையில் தந்தார்கள். அதன் பிறகு நாங்கள் இருவரும் அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "கதைக்கக் கதைக்கப் புண் ஆறாது தம்பி, மறக்கப் பாருங்கோ" என்று பங்கில் உள்ள அக்காமார் சொன்னார்கள். நானும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டி, அவள் வீடு திரும்பும் முன்பே தொட்டிலைக் கழற்றி அப்புறப்படுத்திவிட்டேன். ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்குப் பூசை ஒப்புக்கொடுக்கலாமா என்று பங்குச் சுவாமியாரிடம் கேட்கவும் வாய் வரவில்லை. அவள் சமைத்தாள், வேலைக்குப் போனாள், மூத்தவளுக்குத் தலை வாரிவிட்டாள். என்னோடு பேச்சு மட்டும் குறைந்துகொண்டே போனது. அவளையும் இழந்துவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

மூத்தவள் மற்றப் பிள்ளைகளோடு தோட்டத்துக்கு ஓடிவிட, நாங்கள் சிற்றாலயத்துக்குள் போனோம். பழங்காலத்துப் பிரபுவும் மனைவியும் கல்லறையின் மேல் கல்லுருவமாகக் கைகூப்பிப் படுத்திருந்தார்கள். கோவில் என்றால் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இராது. புனிதர்களின் சுரூபங்களைத் தொட்டு முத்தமிட்டு, முத்தி செய்து பழகியவர்கள். புனிதராக்கும் என்று நினைத்து, வரிசையில் நின்று பிரபுவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். உயிரோடு இருந்தபோது அந்த மனிதருக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததோ தெரியாது. காவலுக்கு இருந்த வயதான வெள்ளைக்கார அம்மா பதறி ஓடிவந்து, இவர் புனிதர் இல்லை, வீட்டுக்காரர், தயவுசெய்து தொடாதீர்கள் என்றார். எல்லோரும் அசடு வழிய வெளியேறினார்கள்.

மனைவி மட்டும் வரவில்லை. கல்லறையின் பக்கவாட்டில் குந்தியிருந்தாள். அங்கே அந்தத் தம்பதியின் பிள்ளைகளைச் செதுக்கியிருந்தார்கள். எல்லோரும் முழந்தாளில் நிற்க, கடைசியில் துணியில் சுற்றிய ஒரு கைக்குழந்தை. அதன் தலையில் அவள் கை வைத்திருந்தாள்.

"எழும்பும், தொடக்கூடாதாம்" என்றேன்.

அவள் கையை எடுக்காமல், இது யார் என்று அந்த அம்மாவிடம் கேட்டாள். பிறந்த உடனேயே இறந்த குழந்தை என்று அவர் சொன்னார். பெயர்கூட யாருக்கும் தெரியாதாம்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களே, செத்ததையும் பிள்ளையெண்டு சேர்த்து வச்சிருக்கினம். நீங்கள் தொட்டிலைக்கூட விட்டு வைக்கேல்லை. எங்கட பிள்ளையை ஒருநாளாவது பேர் சொல்லிக் கூப்பிட்டனீங்களோ?"

அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் எதையோ விளங்கிக்கொண்டு, மெல்ல வெளியே போய்க் கதவைச் சாத்தினார். வந்தவர்களைப் பிறகு வரச் சொல்லித் திருப்பி அனுப்பும் குரல் கேட்டது. தொடாதீர்கள் என்று எங்களைத் தடுத்தவர், எங்களுக்காகத் தூறலில் காவல் நின்றார்.

மகனுக்கென்று நாங்கள் இருவரும் முன்பே தேர்ந்து வைத்திருந்த பெயரை முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னேன். ஆஸ்பத்திரியில்கூட அழாதவள், என் தோளைப் பிடித்துக்கொண்டு கதறி அழுதாள். நானும் அழுதேன்.

வெளியே வந்தபோது அந்த அம்மாவின் நரைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. அவர் மனைவியின் கையை ஒருமுறை அழுத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றால் அது பொய். வீட்டில் இன்னமும் இருட்டான நாட்கள் வருகின்றன. ஆனால் எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால், அவள் முகம் வாடுவதற்குள் நானே முந்திக்கொண்டு "ரெண்டு, சின்னவர் எங்களோட இல்லை" என்கிறேன். சொல்லும் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு வலிக்கிறது. அந்த வலியை இனி யாருக்காகவும் மறைப்பதாக இல்லை.