மைக்செட் நாகமுத்து கேட்ட சீனக் கச்சேரி

மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் திருவிழா என்றால் மேளத்துக்கு முன்னால் கேட்பது நாகமுத்துவின் குரல்தான். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்!" என்று அவர் ஆரம்பித்தால் எதிர்மலையில் தொழிலாளர் லயத்து வாசலில் தூங்குகிற நாயும் எழுந்து குரைக்கும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஒரு அம்ப்ளிஃபயரையும் ரெண்டு குழாய் ஸ்பீக்கரையும் வைத்துப் பிள்ளையை வளர்த்து ஆளாக்கினார். சத்தம்தான் அவருக்குச் சோறு.

அந்த வீட்டில் பிறந்த பேத்திக்குக் காது கேட்குமா என்று டாக்டருக்கே சந்தேகம். ரெண்டு தடவை பரிசோதித்தும் மெஷின் ஒழுங்காகக் காட்டவில்லை. அடுத்த மாதம் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். பாப்பாவுக்கு நாலு மாதம் முடிந்திருந்தது.

அதுவரை பொறுக்கிற ஆளா நாகமுத்து? எவர்சில்வர் தட்டைத் தட்டினார். பாப்பா கண்ணைச் சிமிட்டினாள்.

"பாத்தியா! கேக்குது!"

"மூஞ்சிக்கு நேரா தட்ட ஆட்டுனா காத்துப் படாதா? எனக்குந்தான் கண்ணு சிமிட்டுது," என்றாள் மனைவி சந்திரகாந்தா.

கதவை ஓங்கிச் சாத்தினார். பாப்பா துள்ளினாள்.

"அது தரை அதிர்ந்ததுக்கு. சும்மா இருங்க, கண்டியில சொல்லட்டும்."

இதற்கிடையில்தான் சீனப் புத்தாண்டுக் கச்சேரிக்கு மைக்செட் கேட்டு ஆள் வந்தது. சீனாவிலிருந்து பெரிய வாத்தியக் குழுவாம், டவுன் மண்டபத்தில் வாசிக்கப் போகிறதாம். நாகமுத்து வீட்டிலிருந்த சாமான் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார். கோயில் திருவிழாவுக்கு வைக்கிற மாதிரியே எக்கோவை முழுசாகத் திருகி வைத்தார். ஒத்திகையில் ஒரு பெண் வாத்தியத்தை ஒரு தட்டுத் தட்டினாள். அது நாலு தட்டாகத் திரும்பி வந்தது. மேடையே சிரித்தது.

மொழிபெயர்க்க வந்திருந்த தினுஷா என்ற பிள்ளை ஓடி வந்து சிங்களத்தில் சொன்னாள்: "அங்கிள், மலை உச்சியில நின்னு வாசிக்கிற மாதிரி இருக்காம்."

"எக்கோ இல்லாட்டி எந்தச் சாமிக்குக் கேக்கும் மகள்?"

"மைக்கே வேணாமாம் அங்கிள். அறிவிப்புக்கு மட்டும் போதுமாம்."

"அப்ப கடைசி வரிசைக்கு?"

"கேக்குமாம்."

நாகமுத்துவுக்கு முகம் சுண்டிப்போனது. கடைசி வரிசைக்குப் பின்னால் அம்ப்ளிஃபயர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் சந்திரகாந்தாவும் மகள் நிரோஜாவும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார்கள்.

முதலில் பெரிய சிவப்பு முரசு. நெஞ்சுக்கூடே குலுங்கியது. பாப்பா துள்ளினாள். நாகமுத்து ஆவலோடு மனைவியைப் பார்த்தார்.

"நாற்காலியே ஆடுதுங்க," என்றாள் அவள்.

அப்புறம் ஒரு குழல் வாத்தியம் வீறிட்டது.

"ஏங்க, நம்ம நாயனம் மாதிரியே இல்ல?"

"அந்தக் காலத்துல சம்பந்தம் பண்ணியிருப்பாங்க போல."

சிரித்தாரே தவிர, அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. மேடை நிறைய ஆட்கள், நூறு விதமான தந்தி, மூங்கில், தோல். ஒரு வயர் கிடையாது. ஆனாலும் மலையிலிருந்து பனி இறங்குகிற மாதிரி அந்தச் சத்தம் வரிசை வரிசையாக இறங்கி அவரிடம் வந்து சேர்ந்தது. இத்தனை வருஷமாக இதைத்தான் குழாய்க்குள் போட்டு அடைத்தோமா என்று வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

எல்லோரும் கையை நிறுத்தினார்கள். ஒருவர் மட்டும் தொடைமேல் ஒரு சின்ன வாத்தியத்தை நிமிர்த்தி வைத்தார். ரெண்டே தந்தி, அந்த ரெண்டுக்கும் நடுவில் வில். நூல் மாதிரி ஒரு நாதம் கிளம்பியது. அதற்குக் குறுக்கே கொசு மாதிரி ஏதோ இரைந்தது. நாகமுத்து சுற்றுமுற்றும் பார்த்தார். அவருடைய அம்ப்ளிஃபயர்தான்! சட்டென்று அணைத்தார்.

மண்டபம் அப்படியே அடங்கிப்போனது. நிரோஜாவின் தோளில் பின்சுவரைப் பார்த்தபடி கையைச் சப்பிக்கொண்டிருந்த பாப்பா சப்புவதை நிறுத்தினாள். மெதுவாக, மெதுவாக, தலை மேடைப் பக்கம் திரும்பியது.

நாதம் நின்றது. பாப்பா திரும்பவும் கையைச் சப்பினாள்.

நாதம் எழுந்தது. தலை மறுபடி திரும்பியது.

நாகமுத்து மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தார். "காத்து அடிக்குதா? தரை ஆடுதா? இப்ப என்னாடி சொல்ற?"

சந்திரகாந்தா முந்தானையால் கண்ணை அழுத்திக்கொண்டாள். "சத்தம் போடாதீங்க. புள்ள கேக்குறா."

கைதட்டல் ஓய்ந்ததும் அறிவிப்பாளர் வந்து மைக்கைத் தட்டினார். ஊதினார். திரும்பத் தட்டினார். தினுஷா முன்னாலிருந்து ரெண்டு கையையும் ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டாள். நாகமுத்து அதையெல்லாம் பார்க்கவில்லை. அவர் பாப்பாவின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ரகசியம் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"ஹலோ... ஹலோ..."