மடிப்புடவையைப் பிடித்த குட்டி

வங்காளத்தில், சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தோப்பு. பழந்தின்னி வௌவால்கள் பகலெல்லாம் அங்கே தலைகீழாகத் தொங்கும். எச்சில் பழத்தைப் போட்டு என் கோலத்தைக் கெடுப்பதால் எனக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது.

பங்குனி உத்திரத்தன்று காலை, பூஜைக்குக் கட்ட, கொடியில் உலர்ந்த மடிப்புடவையை எடுக்கப் போனேன். யாரும் தொடக்கூடாத அந்தப் புடவையில் ஒரு வௌவால் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பால் தள்ள ஓங்கினேன்.

நான் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் ஓடி வந்தாள். "தள்ளாதீங்க தீதி, அக்கா, விழுந்தா செத்துடும். இருட்டினதும் அம்மா தேடி வரும்."

"பூஜைக்கு என்ன கட்டிக்கப்போறே, என் வேஷ்டியா?" என்று சிரித்தார் என் கணவர்.

வேறொரு புடவையை நனைத்து, ஈரப்புடவையும் மடிதான் என்று அப்படியே கட்டிக்கொண்டு பூஜையை முடித்தேன். அப்புறம் சாயங்காலம்வரை காக்கை விரட்டியபடி கொடியடியிலேயே நின்றேன். பெருமாளே, அதன் அம்மாவை அனுப்பு என்பதுதான் அன்றைய என் ஸ்தோத்திரம்.

பொழுது சாய்ந்ததும் தோப்பே கிளம்பிப் பறந்தது. அதில் ஒன்று மட்டும் திரும்பி வட்டமடித்து, புடவையில் வந்து தொற்றியது. குட்டி அதன் மார்புக்குத் தாவியது.

"பௌதி, வந்துட்டா, அம்மா வந்துட்டா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

மறுநாள் கோலத்தின் மேல் கடித்த கொய்யா கிடந்தது. துடைப்பத்தை எடுக்காமல் தோப்பை அண்ணாந்து பார்த்தேன். அத்தனை கூட்டத்தில் எங்கள் வீட்டுக் குட்டி எங்கே தொங்குகிறதோ?